ஒட்டிக்கொண்ட இயந்திரப் பெட்டி



பள்ளி ஆசிரியன் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று உங்களில் சிலர் வியக்கலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எனக்கு மொழியும் கணிதமும் அறிவியலும் கற்பித்தார்கள். இயந்திரத்தைக் கழற்றிப் பூட்ட யாரும் கற்பிக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பள்ளியின் பெயரில் இன்றும் ‘தோட்டம்’ என்ற சொல் இருக்கிறது. ஆனால் சுற்றிலும் ஒரு கித்தா மரம்கூடக் கிடையாது. அடுக்குமாடி வீடுகள்தாம் இருக்கின்றன. அந்த வீடுகளின் கீழே வரிசை வரிசையாக நிற்பவை கப்சாய் மோட்டார் சைக்கிள்கள். என் மாணவர்களின் அப்பாமார் பலருக்கு அதுவே வேலைக்குப் போகும் வாகனம், அதுவே பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிவரும் வாகனம். அது நின்றுவிட்டால் வீட்டில் பல காரியங்கள் நின்றுபோகும். ஆகவே, அதன் இயந்திரப் பெட்டி ஒட்டிக்கொண்டால் வீட்டிலேயே எப்படிப் பிரிப்பது என்பதை இன்று சொல்ல எண்ணுகிறேன். எப்படிப் பிரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்வேன். அதை நான் செய்தே கற்றுக்கொண்டேன்.

கப்சாய் என்ற பெயர் நம் நாட்டில் பிறந்த பெயர். ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958ஆம் ஆண்டு ‘சூப்பர் கப்’ என்ற சிறு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. அந்தக் ‘கப்’போடு, சிறியது என்று பொருள்படும் கண்டோனியச் சொல்லான ‘சாய்’ சேர்ந்துகொண்டது. அதை மலாயாவுக்குக் கொண்டுவந்தவர் பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து, பஸ் கழுவி, மெக்கானிக் வேலை கற்று முன்னேறியவர் அவர், 1995இல் காலமானார். கைப்பிடியில் கிளட்ச் இல்லாமல் காலாலேயே கியர் மாற்றலாம் என்பதால், ஒரு கையில் சாமான் பிடித்துக்கொண்டும் இதை ஓட்ட முடிந்தது. ஜப்பானில் மீ விற்பவர்களை மனத்தில் வைத்து அப்படி அமைத்தார்கள் என்பார்கள். நம் தோட்டங்களில் பால் தீன் ஏற்றுவதற்கும் அது ஒத்துவந்தது. 2017ஆம் ஆண்டில் இந்தக் குடும்பத்து வண்டிகளின் உலக உற்பத்தி 10 கோடியைத் தொட்டது.

என் தகப்பனார் உலு லங்காட் பக்கம் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தவர். அவருடைய சி 70 வண்டிக்கு 72 சிசி இயந்திரம். தவணையில் வாங்கி, தவணை முடியும்வரை மழை நாளில் வண்டியை லயத்துக்குள்ளேயே ஏற்றி வைத்தவர். ஓய்வு பெற்றபின் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் தம்பி வீட்டில் இருந்தார். வண்டியும் அவரோடு போயிற்று.

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சனிக்கிழமை, கிள்ளான் பள்ளத்தாக்கில் பெய்த மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தாமான் ஸ்ரீ மூடா நீரில் மூழ்கியது. வீட்டார் மாடியில் ஏறித் தப்பினார்கள். வண்டி கீழேயே நின்றது. நீர் வடிந்ததும் அப்பாவையும் வண்டியையும் அம்பாங்கிலிருக்கும் என் வீட்டுக்கு அழைத்து வந்தோம். எங்கள் அம்பாங்கின் பெயரே ஈயம் தோண்டியவர்கள் நீரைத் தேக்கிய அணையை ஒட்டி வந்தது. நீரைத் தேக்கியவர் ஊரில் இருந்துகொண்டு, நீர் புகுந்த இயந்திரத்தை நான் நான்கு மாதம் தேக்கி வைத்தேன். அதுதான் என் முதல் தவறு.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உதைத்துப் பார்க்கக் கூடாது என்பது பலருக்குத் தெரியும். காற்றை அமுக்கலாம், நீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அதைத் தாங்கும் தண்டு வளையும். ஆனால் உதைக்காமல் அப்படியே மூடி வைத்தாலும் கேடுதான். மூழ்கிய வாரத்திலேயே எண்ணெயை வடித்துவிட வேண்டும். வடியும் எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் கலந்துவிட்டது என்று பொருள். மலிவான எண்ணெயை ஊற்றி, தீப்பொறிக் கட்டையைக் கழற்றிவிட்டு, மேக்னட்டைக் கையால் பல முறை சுற்றி, மறுபடி வடிக்க வேண்டும். நிறம் தெளியும்வரை இப்படிச் செய்தால் பெட்டியைப் பிரிக்க வேண்டிய நிலையே பல வண்டிகளுக்கு வராது. நானோ பள்ளி திறந்ததும் தேர்வுத்தாள், கூட்டம் என்று நாளை ஓட்டினேன். சித்திரை மாதத்தில் ஒரு நாள் மேக்னட்டைத் திருப்பினேன், அசையவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

இனிப் பெட்டியைப் பார்ப்போம். பட்டறைக்காரர்கள் ‘கிரேங்க் கேஸ்’ என்று சொல்லும் இந்த அலுமினியப் பெட்டி, கப்சாயில் இடப்பாதி, வலப்பாதி என நெட்டுக்குத்தாகப் பிளந்த இரு பாதிகளால் ஆனது. தேங்காயை உடைத்து மறுபடி சேர்த்தாற்போல. நடுவே மெல்லிய காகித கேஸ்கெட். உள்ளே கிரேங்கும் கியர் சக்கரங்களும் இருக்கின்றன. இரு பாதிகளும் இம்மியும் பிசகாமல் பொருந்துவதற்காக, இரண்டு இடங்களில் நடுவே துளையுள்ள குட்டையான எஃகுக் குழல்கள் செருகப்பட்டிருக்கும். பாதிக் குழல் இந்தப் பக்கத்தில், பாதிக் குழல் அந்தப் பக்கத்தில். பட்டறையில் ‘டோவல்’ என்பார்கள். இந்தக் குழலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; நம் கதையின் வில்லன் இதுதான்.

வண்டியிலிருந்து இயந்திரத்தை இறக்குவது கடினமன்று. பின்புறம் இரண்டு நீண்ட போல்டுகளில் தொங்குவதுதான் அது. எண்ணெயை வடித்து, கார்பரேட்டர், புகைக்குழாய், மின்கம்பி, சங்கிலி ஆகியவற்றை அகற்றி அந்த இரண்டையும் உருவினால் இறங்கிவிடும். பிறகு தலைப்பகுதி, சிலிண்டர், பிஸ்டன். ஒரு பக்கம் மேக்னட், மறுபக்கம் கிளட்ச். மேக்னட்டுக்கும் கிளட்ச் நட்டுக்கும் அவற்றுக்கென்றே கருவிகள் உண்டு. வாங்க முடியாவிட்டால் இரவல் வாங்குங்கள். உளியை வைத்துத் தட்டி நட்டைத் திருப்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அடுத்த முறை அந்த நட்டை யாராலும் கழற்ற முடிவதில்லை.

திருகாணிகளில்தான் முதல் சோதனை வரும். பழைய கப்சாய்களில் பெட்டியைப் பிணைப்பவை கூட்டல் குறித் தலையுள்ள திருகாணிகள். அவற்றின் குழி ஜப்பானிய அளவில் அமைந்தது. நாம் கடையில் வாங்கும் சாதாரணத் திருப்புளியின் முனை அதில் முழுவதும் இறங்குவதில்லை. பலம் கொடுத்துத் திருப்பினால் வழுக்கி மேலே எழும்பும், குழி தேய்ந்து வட்டமாகிவிடும். ஜப்பானிய அளவுத் திருப்புளி கிடைத்தால் நல்லது. அதைவிடச் சிறந்தது, சுத்தியால் தலையில் அடித்தால் தானே சிறிது திரும்பும் ‘இம்பேக்ட் டிரைவர்’. அடி கீழ்நோக்கிப் போவதால் முனை குழியைவிட்டு எழும்பாது. திருகில் பிடித்த துருவும் அந்த அதிர்ச்சியிலேயே விடும். சில பத்து வெள்ளியில் கிடைக்கும். வீட்டில் வண்டி வேலை பார்க்கிறவர் ஒரே ஒரு கருவி வாங்க முடியும் என்றால் இதைத்தான் வாங்கச் சொல்வேன்.

கழற்றிய திருகாணிகளை மங்கில் கொட்டி வைக்காதீர்கள். அவை ஒரே நீளமுள்ளவை அல்ல. காகித அட்டையில் பெட்டியின் உருவத்தை வரைந்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வையுங்கள். பூட்டும்போது தேட வேண்டியதில்லை. அதனினும் பெரிய பயன், கழற்றாமல் விட்ட இடம் அட்டையில் வெறுமையாகத் தெரிந்துவிடும். நான் அட்டை வைக்கவில்லை. மாணவர்களுக்கு ‘குறிப்பெடு, குறிப்பெடு’ என்று சொல்கிற வாய்தான் இது.

எல்லாம் கழற்றிவிட்டேன் என்று எண்ணிக்கொண்டு ரப்பர் சுத்தியால் தட்டினேன். பெட்டி அசையவில்லை. மரக்கட்டை வைத்துத் தட்டினேன், அசையவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் போயிற்று. பகலில் பொறுமை இழந்து, தட்டைத் திருப்புளி ஒன்றை இரு பாதிகளின் இடுக்கில் வைத்து அடித்தேன். ‘கிறிச்’ என்று ஒரு சத்தம். பெட்டி திறக்கவில்லை, திருப்புளி அலுமினியத்தை வழித்துக்கொண்டு போயிற்று. கேஸ்கெட் படியும் அந்த மழமழப்பான முகத்தில் அரைத் தீக்குச்சி அளவுக்கு ஒரு வடு.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“தம்பி, அந்த மூலையில சேறு அடைச்சிருக்கே, அது என்னா?”

சேறு அடைத்துக் காய்ந்து, பெட்டியின் நிறத்திலேயே இருந்த ஒரு குழி. ஆணியால் சுரண்டினேன். உள்ளே திருகாணித் தலை. அரை நாளாக நான் மல்லுக்கட்டியது அந்த ஒரு திருகாணியோடுதான்.

ஆகவே, பெட்டி திறக்கவில்லையென்றால் முதல் ஐயம் இதுவாகவே இருக்கட்டும்: இன்னும் ஏதோ ஒன்று பிடித்திருக்கிறது. சேற்றுக்குள்ளோ, எண்ணெய்ப் பிசுக்கின் அடியிலோ, மேக்னட் தட்டின் பின்னாலோ ஒரு திருகாணி இருக்கும். கியர் மாற்றும் உருளையைப் பிடித்திருக்கும் சிறு போல்டைப் பலர் மறந்துவிடுவார்கள். அந்தந்த வண்டிக்குரிய பராமரிப்பு நூலை ஒரு முறை புரட்டிப் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. 1987இல் வந்த இ.எக்ஸ். 5 இதே குடும்பம்தான் என்றாலும், நுணுக்கங்கள் வண்டிக்கு வண்டி மாறும்.

அந்தத் திருகாணியை எடுத்தபின் முன்பக்கத்தில் ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது. பின்பக்கம் இம்மியும் விடவில்லை. அங்கேதான் நான் சொன்ன எஃகுக் குழல்.

அது ஏன் ஒட்டிக்கொள்கிறது? பள்ளியில் எலுமிச்சம்பழத்தில் இரண்டு வேறு உலோகத் துண்டுகளைச் செருகி மின்சாரம் எடுத்துக் காட்டுவோம் அல்லவா? அதே கதைதான். எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டு இருக்கின்றன; நடுவே சேற்று நீர் புகுகிறது. அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. அதில் தேய்வது அலுமினியம். தேய்ந்த அலுமினியம் வெள்ளைப் பொடியாகிறது. அந்தப் பொடி, தான் முன்பு உலோகமாக இருந்தபோது பிடித்த இடத்தைவிட அதிக இடத்தைப் பிடிக்கிறது. விரலோடு ஒட்டி நிற்கும் மோதிரத்துக்குள் மாவைத் திணித்தால் எப்படி இறுகுமோ, அப்படிக் குழலைச் சுற்றி இறுகிக்கொள்கிறது. இந்த நிலையில் எவ்வளவு தட்டினாலும், தட்டுகிற பலம் குழலைப் பெயர்ப்பதற்கு முன் பெட்டியின் மெல்லிய விளிம்பை உடைத்துவிடும்.

இதற்கு மருந்து இரண்டு: எண்ணெயும் வெந்நீரும்.

துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய் கடைகளில் கிடைக்கும். குழல் இருக்கும் இடத்தில், இடுக்கு தெரியும் பக்கம் மேலே இருக்கும்படி பெட்டியைச் சாய்த்து, சிறிது சிறிதாக விட்டு, ஓர் இரவு அப்படியே விடுங்கள். மறுநாள் காலை இன்னொரு முறை விடுங்கள். இடையிடையே அந்த இடத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டினால் அதிர்வில் எண்ணெய் உள்ளே இறங்கும். இந்த ஒரு நாளைப் பொறுக்க மாட்டாதவர்கள்தாம் திருப்புளியைத் தேடுகிறார்கள்.

அடுத்தது சூடு. இரும்பு உருண்டையையும் வளையத்தையும் வைத்து நடத்தும் சோதனையை நேயர்கள் சிறுவயதில் பார்த்திருப்பீர்கள். வளையத்தைச் சூடாக்கினால் நுழையாத உருண்டை நுழையும். இங்கே நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கம்பியை 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால் ஏறத்தாழ 2.3 மில்லிமீட்டர் நீளும். எஃகுக் கம்பியோ 1.2 மில்லிமீட்டர்தான் நீளும். அதாவது பெட்டியின் துளை, அதனுள் இருக்கும் குழலைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 10 மில்லிமீட்டர் குழல் ஒன்றுக்கு இந்த வேற்றுமை எவ்வளவு என்று கணக்கிட்டால், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். இது போதுமா என்பீர்கள். ஒட்டியிருக்கும் பிடி விடுவதற்கு அதுவே போதும். கிரேங்கின் பேரிங்கு 50 மில்லிமீட்டருக்கு மேல் அகலமுள்ளது. அதற்கு இன்னும் தாராளமாக இடம் கிடைக்கும்.

சூட்டுக்கு நெருப்பு வேண்டாம். கேஸ் விளக்கைக் காட்டிச் சூடேற்றுகிறவர்கள் உண்டு. ஓரிடம் மட்டும் அளவுக்கு மீறிச் சூடாகிப் பெட்டி கோணிப் போகலாம். உள்ளே தங்கிய எண்ணெயும் பெட்ரோலும் பற்றிக்கொள்ளலாம். வீட்டுக்காரருக்கு ஏற்றது கொதிக்கும் நீர்தான். அகன்ற பேசினில் மரக்கட்டைகளின்மேல் பெட்டியைக் கிடத்தி, குழல் இருக்கும் இடத்தைச் சுற்றி மூன்று கெத்தில் கொதிநீரை நிதானமாக ஊற்ற வேண்டும். கையில் தடித்த உறை, காலில் சப்பாத்து. குழந்தைகள் பக்கத்தில் வரக் கூடாது. என் மனைவி கெத்திலைத் தந்துவிட்டு, “இது திரும்பி அடுப்புக்கு வராது” என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது கெத்தில் ஊற்றி முடிந்ததும், ஆறுவதற்குள் தட்ட வேண்டும். எங்கே தட்டுவது? திருகாணி நுழையும் தடித்த காதுகளில், ரப்பர் அல்லது மரச் சுத்தியால், மாற்றி மாற்றி. இரு பாதிகளும் ஒரே சீராக விலக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விரிந்து மறுபக்கம் நின்றால், விரிந்த பக்கத்தை மறுபடி தட்டி மூடிவிட்டு, நின்ற பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கோணலாக இழுத்தால் குழல் இன்னும் இறுகிக்கொள்ளும். மேசை இழுப்பறையை ஒரு பக்கம் பிடித்து இழுத்தால் சிக்குவதைப் போல.

இன்னொன்று. கிரேங்கின் முனையை இரும்புச் சுத்தியால் அடிக்கவே அடிக்காதீர்கள். கப்சாயின் கிரேங்க் ஒரே வார்ப்பு அன்று. இரண்டு கனத்த சக்கரங்களை ஒரு முளையில் அழுத்திப் பொருத்தியது. ஓங்கி அடித்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று சற்றே விலகிவிடும். கண்ணுக்குத் தெரியாது. பூட்டி ஓட்டும்போது கைப்பிடியில் நடுக்கமாகத் தெரியும். அதைச் சீர்செய்வது வீட்டு வேலை அன்று.

எங்கள் வண்டியில் இரண்டாம் சுற்று வெந்நீருக்குப் பிறகு, ஏழெட்டு தட்டில், ‘டொக்’ என்று ஒரு சத்தம். பின்பக்கம் விட்டது. அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மேல் பாதியை நேராகத் தூக்கினோம். தூக்கும்போது அதன் உட்புறத்தைப் பாருங்கள். மெல்லிய வளையங்கள் எண்ணெயில் ஒட்டி மேலே வந்து, பிறகு எங்காவது விழுந்து உருண்டோடும். உள்ளே ஸ்ரீ மூடாவின் சேறு படிந்து காய்ந்திருந்தது. பேரிங்குகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மேக்னட் அசையாததற்குக் காரணம் அதுவே. வெள்ளநீரில் கிடந்த பேரிங்கைக் கழுவித் திரும்பப் போடாதீர்கள், புதிதாகவே போடுங்கள். மற்ற எஃகுப் பாகங்களை உடனே துடைத்து எண்ணெய் பூசிவிடுங்கள். இல்லையேல் நாம் ஊற்றிய வெந்நீரே அடுத்த துருவுக்கு வித்தாகும். கிரேங்கின் புதுப் பேரிங்கை நான் போடவில்லை. அதற்கு அழுத்து இயந்திரம் வேண்டும். பட்டறையில் கொடுத்துப் போட்டு வாங்கினேன்.

பழைய கேஸ்கெட்டைச் சுரண்டக் கம்பித் தூரிகை வைக்க வேண்டாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மழுங்கிய தகட்டால் வழித்தெடுக்கலாம். என் திருப்புளி செய்த வடுவின் விளிம்பு மேடாக எழும்பியிருந்தது. நல்ல கண்ணாடிப் பலகைமேல் மிக நைசான உப்புத்தாளை விரித்து, எண்ணெய் தொட்டு, பெட்டியின் முகத்தை அதன்மேல் மெல்ல வட்டமாகத் தேய்த்து மேட்டைச் சமன் செய்தேன். மேடு போனது, பள்ளம் போகவில்லை. பள்ளத்தை நிரப்ப வேண்டுமானால் அலுமினியப் பற்றவைப்பும் கடைசல் வேலையும் தேவை. அதன் கூலிக்கு வேறொரு பழைய பெட்டியே வாங்கிவிடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். அப்பா வேண்டாமென்றார். புது கேஸ்கெட்டோடு, அந்த இடத்தில் மட்டும் குழம்பு கேஸ்கெட் தடவி மூடினோம்.

மூடும்போது பாதிகள் கையழுத்தத்திலேயே வந்து சேர வேண்டும். சேராமல் இடைவெளி நின்றால் திருகாணியை முடுக்கி இழுக்காதீர்கள். உள்ளே ஏதோ இடம் மாறி இருக்கிறது என்று பொருள். திறந்து பாருங்கள். குழல்களைச் சுத்தம் செய்து, சிறிது கிரீஸ் தடவிச் செருகினால், அடுத்த முறை பிரிப்பவர் உங்களை வாழ்த்துவார். திருகாணிகளைக் குறுக்கும் மறுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் முடுக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் திருகுக்குச் சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும். அலுமினியத்தில் வெட்டிய மரை அதற்குமேல் தாங்காது.

வண்டி ஓடிற்று. அப்பாதான் உதைத்தார், மூன்றாவது உதையில். மறுநாள் காலை பார்த்தபோது, வடு இருந்த இடத்துக்கு நேர்கீழே சிமெண்டுத் தரையில் காசளவு எண்ணெய்க் கறை இருந்தது. திரும்பவும் பிரித்துப் பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் போடுகிறேன் என்றேன். அப்பா உள்ளே போய், தோட்டத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த பால் மங்கு ஒன்றை எடுத்து வந்து இயந்திரத்தின் கீழே வைத்தார். வாரத்துக்கு ஐந்தாறு சொட்டு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே அதை வடித்துவிட்டு, துடைத்துத் திரும்ப வைக்கிறார்.